கூட வேலை பார்ப்பவர் பங்கும் உங்கள் தலையிலா?

உடன் வேலை பார்ப்பவர் தன் பங்கையும் நம் தலையில் கட்டிவிட்டு நகர்ந்தால் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் "அவர் ஒன்றுமே செய்வதில்லை" என்று மேலாளரிடம் போய் நின்றால் அது வெறும் புகாராகத்தான் கேட்கும்.

முதலில் வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயரும் தேதியும் போடுங்கள். "ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்" என்பதே வேண்டாம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனையில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் போட்ட பலம் குறைந்தது. யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாகத் தெரியும்போது இந்த ஒதுங்கல் குறைவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரு வரி: "ஸ்டாக் பட்டியல் நீங்கள், பில் சரிபார்ப்பு நான், வெள்ளி மதியத்துக்குள்." தவறினால் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாவது சிக்கலா?" என்று கேளுங்கள். வீட்டில் பிரச்சினை இருக்கலாம், அந்த வேலை தெரியாமலும் இருக்கலாம். அவர் பங்கை மட்டும் ராத்திரி உட்கார்ந்து நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அப்புறம் அது யார் கண்ணிலும் படாது.

மறுபடியும் தவறினால் அந்த வரிகளோடு மேலாளரிடம் போங்கள்: எந்த வேலை, எந்தத் தேதி, அதனால் எது தள்ளிப்போனது. அவருடைய குணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.