தளம் திறக்கவில்லையா? முதலில் பூட்டு எங்கே என்று பாருங்கள்

ஒரு தளம் திறக்கவில்லை என்றதும் கண்ணில் பட்ட முதல் இலவச விபிஎன்னை (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் செயலி) இறக்கிப் போடுவதுதான் பலருக்கும் பழக்கம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் எல்லாத் தடையும் ஒரே மாதிரி கிடையாது. சிலது வாசலில் குறுக்கே கட்டிய கயிறு, சிலது நிஜமாகவே சுவர். கயிற்றை அவிழ்க்கக் கடப்பாரை எதற்கு?

முதலில் அது தடைதானா என்று பாருங்கள். வைஃபையில் வராதது மொபைல் டேட்டாவில் வருகிறதா? வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்குத் திறக்கிறதா? யாருக்குமே திறக்கவில்லை என்றால் தளமே படுத்துக்கிடக்கிறது, காத்திருக்க வேண்டியதுதான்.

தடைதான் என்று தெரிந்தால், திரையில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். 'சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் டிஎன்எஸ் தடை. அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி எண் முகவரி கேட்கும்போது, உங்கள் இணைய நிறுவனத்தின் சர்வர் பொய் சொல்கிறது, அல்லது வாயே திறப்பதில்லை. வேறொருவரிடம் கேட்டால் முடிந்தது. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, குவாட்9-இன் 9.9.9.9 எல்லாம் இதற்குத்தான். 2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டரை முடக்கியபோது, இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று எழுதியே வைத்தார்கள். சில நாட்களில் அங்குள்ள இணைய நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் பாதையையே திருப்பி, போலி சர்வரைக் கொண்டு பதில் சொல்ல வைத்தன. அதனால் எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, கேள்வியும் மறையாக்கம் ஆகி, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி, போக வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. அதில் எண்ணைப் போட்டால் ஏற்காது, 'டிஎன்எஸ் டாட் கூகுள்' என்பது போன்ற பெயரை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். கணினியில் என்றால் இதே வேலைக்கு உலாவியின் அமைப்பில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' அல்லது 'செக்யூர் டிஎன்எஸ்' என்று தேடி இயக்குங்கள்.

இடையில் திடீரென்று சான்றிதழ் எச்சரிக்கை, அதாவது தளத்தின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்ற அறிவிப்பு, வந்தால் மட்டும் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தாதீர்கள். நீங்கள் கேட்ட தளத்தின் இடத்தில் வேறு யாரோ நிற்கலாம்.

டிஎன்எஸ் மாற்றியும் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்றே வருகிறதா? முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பு முறை பக்கத்தில் இருப்பதை மறைக்கும், சரி. ஆனால் தொடங்கும்போதே உலாவி தளத்தின் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுகிறது. எஸ்என்ஐ என்பார்கள். வழியில் உட்கார்ந்திருக்கும் கருவி அந்தப் பெயரைக் கேட்டதும் கம்பியை அறுத்துவிடும். இந்தப் பெயரையும் மறைக்கும் இசிஎச் என்ற வசதி 2023 முதல் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இருக்கிறது, ஆனால் தளமும் அதை ஆதரித்தால்தான் பலிக்கும். ஒரு கட்டுரையைப் படித்தால் போதும் என்றால் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் பழைய பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

இதெல்லாம் தாண்டினால்தான் விபிஎன். அது உங்களை மறைப்பதில்லை. இதுவரை இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். அதனால் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு பிரபல சேவை, தன் பயனர்களின் இணைப்பையே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது 2015-இல் வெளியே வந்தது. விபிஎன் செயலிகள் பயன்படுத்தும் இணைப்பு முறைகளில் வயர்கார்டு வேகமானது, ஆனால் அது இணைப்பைத் தொடங்கும் பாணியை வைத்தே தடை போடுபவர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள். அப்படிப்பட்ட இடங்களில் சாதாரண எச்டிடிபிஎஸ் போக்குவரத்து போலவே தோன்றும் முறைக்கு மாறுங்கள், செயலியில் 'ஸ்டெல்த்' என்றோ வேறு பெயரிலோ இருக்கும். ஆண்ட்ராய்டில் 'விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு' என்ற பொத்தானையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் விபிஎன் நடுவழியில் விழுந்தால் போன் சத்தமில்லாமல் பழைய பாதையிலேயே போகும்.

நீங்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டுமென்றால் அதற்கென்றே உருவான டார் உலாவி இருக்கிறது, மெதுவாகத்தான் இருக்கும். மூன்று கணுக்கள் (இடையில் நிற்கும் சர்வர்கள்) வழியாகச் சுற்றிப் போவதால், நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் எந்த ஒரு கணுவுக்கும் சேர்ந்து தெரியாது. டாரையே தடுத்திருந்தால் இணைப்பு அமைப்பில் பிரிட்ஜ், அதாவது பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவாயில், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஸ்னோஃபிளேக் என்பது உலகெங்கும் தன்னார்வலர்கள் உலாவியில் திறந்து வைத்திருக்கும் ஜன்னல்கள் வழியாகப் போகும் வழி, ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். ஆனால் டாருக்குள் போய் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்தால் நீங்கள் யார் என்று நீங்களே சொன்ன மாதிரிதான்.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இதையெல்லாம் செய்யாதீர்கள். அவர்களின் சான்றிதழ் அதில் பதிந்திருந்தால் மறையாக்கம் செய்ததையும் அவர்களால் படிக்க முடியும். அப்புறம், சில நாடுகளில் அனுமதி இல்லாத விபிஎன்னே குற்றம், அங்கே இருந்தால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று: தடை வந்தால் முதலில் மறைவது விபிஎன் மற்றும் டாரின் பதிவிறக்கப் பக்கங்கள்தான். எல்லாம் திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று கருவிகளை இறக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இணையத்தையே அணைத்துவிட்டால் இதில் எதுவும் உதவாது. பிரையர் போன்ற செயலிகள் ப்ளூடூத்தில் பக்கத்திலிருப்பவருக்குச் செய்தி அனுப்பும், ஆனால் அந்தப் பக்கத்து ஆளிடமும் அது இருக்க வேண்டும்.