முதுமலையில் மான்களின் குரலைக் கேட்டறிவது எப்படி?

முதுமலைக் காட்டில் புதருக்குள் படுத்திருக்கும் புலியை நம் கண் கண்டுகொள்வது அரிது. ஆனால் அதன் வாடையையோ அசைவையோ உணர்ந்துவிட்ட மான் எழுப்பும் குரலை எவரும் கேட்கலாம். அக்குரலுக்குப் பொருள் கொள்ள, கத்துவது எந்த மான் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் குறுகியதாகவும் கீச்சென்று கூர்மையாகவும் இருக்கும். கூட்டமாக மேயும் விலங்காதலால், ஒன்று கத்தியதும் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். ஒற்றைக் குரலோடு அடங்கிவிட்டால், ஏதோ சுள்ளி முறிந்த ஓசைக்கு மிரண்டிருக்கலாம். அதற்காக வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் வீண். குரல் விடாமல் தொடர, மான்கள் வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டியபடி ஒரே திசையை உற்றுப் பார்த்து நின்றால், நாமும் அத்திசையில் கண்ணைச் செலுத்தலாம். மரத்தின்மேல் உள்ள மந்திகளும் அதே நேரத்தில் கரகரத்துக் கத்தினால் ஐயம் பெரிதும் நீங்கும்.

மிளா என்றும் வழங்கும் கடமானின் குரல், காலிப் பீப்பாயைத் தட்டியது போலக் கனத்து, வெகுதூரம் கேட்கும். அது எளிதில் கத்துவதில்லை என்பதால், அடுத்தடுத்து எழும் கடமான் குரலையே நான் மிகவும் நம்புவேன். இக்குரல் கூட்டத்துக்கான எச்சரிக்கை மட்டுமன்று. பதுங்கிப் பாயும் வேட்டை விலங்கிடம் 'உன்னைக் கண்டுகொண்டேன்' என்று அறிவிப்பதும் ஆகும். மறைவு குலைந்த புலி வேட்டையைக் கைவிட்டு எழுந்து நடப்பதுண்டு.

பெயரில் ஆடு இருந்தாலும் சிறு மான் இனமான கேளையாடு, நாயைப் போலவே குரைக்கும். சில வேளைகளில் நெடுநேரம் குரைக்கும் இது, மனிதரைக் கண்டாலும் அப்படியே குரைப்பதால், அக்குரலை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

எல்லாக் குரலும் அச்சத்தால் எழுவதில்லை. கொம்பின் மென்தோல் உரிந்த ஆண் புள்ளிமான், இணைசேரும் பருவத்தில் கரகரப்பாக நீட்டி முழங்குவதைக் கேட்டு, சிறுத்தை என்று அஞ்சுவோரும் உண்டு. தாயைப் பிரிந்த குட்டி மெல்லிய குரலில் கத்தும். தாய் அதற்கு மறுகுரல் கொடுக்கும்.

குரல் கேட்டதும் வண்டியின் இயக்கத்தை நிறுத்தச் சொல்லி, பேசாமல், இறங்காமல் இருங்கள். குரல் ஓய்ந்தாலும் உடனே கிளம்பிவிடாமல் சற்றுக் காத்திருங்கள். அடுத்து வேறோர் இடத்தில் குரல் எழுந்தால், புலி பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் நடந்திருக்கும்.