லேப்வியூ: சப்விஐ ஓடும்போதே தரவை வெளியே எடுக்க

லேப்வியூ, வரைபடமாக நிரல் எழுதும் மென்பொருள். அதில் ஒரு நிரல் விஐ; மெயின் விஐ அழைக்கும் துணை நிரல் சப்விஐ. சப்விஐக்குள் வைல் லூப் (நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) ஓடிக்கொண்டிருக்கும். அதன் வெளியீட்டு வயரில் (தரவைக் கொண்டுசெல்லும் கோடு) மட்டும் எதுவும் வராது. இது பிழையல்ல. சப்விஐ முழுதாக முடிந்த பிறகே வயரில் மதிப்பு வெளியேறும்.

ஓடும்போதே வேண்டுமென்றால் கியூ (தரவு வந்த வரிசையிலேயே காத்திருக்கும் இடம்) போடுங்கள். கியூவை உருவாக்கும் 'அப்டெயின் கியூ'வை லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை வைத்து, அது தரும் ரெஃபரன்ஸ் (அந்தக் கியூவைச் சுட்டும் அடையாளம்) வயரைச் சப்விஐக்குக் கொடுங்கள். உள்ளே என்கியூ (கியூவில் தரவைச் சேர்ப்பது), மெயின் விஐயில் இணையாக ஓடும் தனி லூப்பில் டிகியூ (அதிலிருந்து எடுப்பது). (லூப்புக்குள்ளேயே அப்டெயின் செய்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் புது ரெஃபரன்ஸ் சேர்ந்து நினைவகம் கசியும்.)

கியூவின் அளவு இயல்பாக -1, அதாவது வரம்பில்லை. வாசிக்கும் லூப் மெதுவாக இருந்தால் தரவு குவிந்துகொண்டே போகும். கடைசி மதிப்பு மட்டும் போதுமென்றால், அதை மட்டுமே வைத்திருக்கும் நோட்டிஃபையரே மேல்.

நிறுத்தும்போது 'ரிலீஸ் கியூ' வைத்து கியூவை விடுவியுங்கள். காத்திருக்கும் டிகியூ 1122 என்ற பிழை எண்ணுடன் விடுபடும். அதையே லூப்பை நிறுத்தும் குறியாக வைத்துக்கொள்ளலாம்.