“இவ்வளவுதான் சாப்பிடுறியா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் பழகுவது எப்படி?

உணவு முறையை மாற்றியபோது பசியைச் சமாளித்துவிட்டேன். பேச்சைத்தான் சமாளிக்க முடியவில்லை. முதல் சில மாதங்கள் கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் கொடுத்தேன். விளக்க விளக்கக் கேள்விகள்தான் கூடின. கடைசியில் எங்கே தவறினேன் என்று புரிந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தச் சுற்றில் மாட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: காரணம் யாருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் எதிராளிக்கு ஒரு பிடி. “சர்க்கரையைக் குறைக்கிறேன்” என்றால் “ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்பார்கள். “டாக்டர் சொன்னார்” என்றால் “எந்த டாக்டர்?” என்று தொடங்கும். “வயிறு சரியில்லை” என்று பொய் சொன்னால், அடுத்த முறை அதற்குக் கைவைத்தியத்தோடு வருவார்கள். அதனால் காரணம் சொல்ல வேண்டியவர்கள் யார் யார் என்று முதலிலேயே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஒவ்வாமையோ சீலியாக் நோயோ இருந்தால், சமைப்பவரிடம் தயங்காமல் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். சீலியாக் உள்ளவருக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறிதளவு போனாலும் சிறுகுடல் பாதிக்கப்படும். அங்கே கூச்சப்படக் கூடாது.

படி 2: ஒரு வாக்கியத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். என் அனுபவத்தில் அதிகம் கைகொடுத்தது இதுதான். அந்த நேரத்தில் பதில் தோன்றும் என்று நம்பிப் போனால், ஒன்று தடுமாறுவோம், இல்லையென்றால் சுள்ளென்று ஏதாவது சொல்லிவிடுவோம். ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது எண்ணத்தைச் செயலாக்க உதவுகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதினார். நமக்கும் அதே வழிதான்: ‘தட்டைப் பார்த்துக் கேட்டால், இந்த வாக்கியத்தைச் சொல்வேன்.’

என்னுடையது: “இப்போ இதுதான் எனக்கு ஒத்துப்போகுது.” அவ்வளவுதான். “போதும், திருப்தியா சாப்பிட்டேன்” என்பதும் நல்ல வாக்கியம். சொன்ன கையோடு அவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு, பெரியம்மா?” உண்மையான அக்கறையோடு கேட்டால் பேச்சு தானாக நகர்ந்துவிடும்.

கண்ணாடி முன் ஐந்தாறு முறை சொல்லிப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி போகும்வரை சொல்லுங்கள்.

படி 3: மறுபடியும் கேட்டால், அதே வாக்கியம்

புதுக் காரணம் தேடாதீர்கள், குரலையும் உயர்த்தாதீர்கள். அதே சொற்கள், அதே நிதானம். மூன்றாவது முறையும் வந்தால், தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்துவிடுங்கள்.

படி 4: உடம்பைப் பற்றிய பேச்சைத் தனியாகக் கையாளுங்கள்

தட்டைப் பற்றிக் கேட்பது வேறு, உடம்பைப் பற்றிச் சொல்வது வேறு. “ஒரே வாரத்துல இளைச்சுட்டே”, “என்ன, மறுபடியும் வெயிட் போட்டுட்டியா?” இரண்டுமே மனதில் தங்கிவிடும். அப்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது; அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில நாள்களில் எடை சட்டென இறங்குவதற்கும், மீண்டும் சாப்பிட்டதும் ஏறுவதற்கும் பெரும் பங்கு அந்தத் தண்ணீருக்கு உண்டு. ஒரு நாளுக்குள்ளேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவதும் இயல்புதான். ஆகவே ஒருவர் பார்த்துச் சொன்னதை வைத்து உங்கள் முயற்சியை எடைபோட வேண்டாம்.

எத்தனை கிலோ என்று கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. “என் உடம்பைப் பத்திப் பேச வேண்டாமே” என்று மெதுவாகச் சொல்லலாம். “இளைச்சதும் அழகா இருக்கே” என்ற பாராட்டுக்கும் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நோயினால் மெலிந்தவருக்கும் அதே பாராட்டுதான் கிடைக்கிறது. அதைக் கேட்டு அவர் படும் வேதனை சொன்னவருக்குத் தெரிவதில்லை.

படி 5: நெருங்கியவர்களிடம் தனியாகப் பேசுங்கள்

அம்மாவிடமும் துணையிடமும் ஒற்றை வாக்கியம் போதாது. ஊட்டிவிடுவதே அன்பு என்று வாழ்ந்தவரின் கையைத் தட்டிவிட்டால், அன்பையே மறுத்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். சாப்பிடும் நேரத்தில் இதைப் பேசவே கூடாது. வேறொரு நேரம், இருவர் மட்டும் இருக்கும்போது பேசுங்கள். பத்துக் குறைகளைச் சொல்லாமல் ஒரே ஒரு உதவி கேளுங்கள். நான் கேட்டது இது: “அம்மா, நான் சாப்பிடும்போது தட்டைப் பத்தி மட்டும் எதுவும் சொல்லாதீங்க. நான் சாப்பிடுறது எப்படிச் செய்யணும்னு உங்களுக்குக் காட்டித் தர்றேன்.” இரண்டாவது வாக்கியம்தான் வேலை செய்தது. அவர் செய்வதற்கு ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

நீங்களும் அவர் தட்டைப் பார்த்துப் பேசாதீர்கள். தன் விருப்பத்தில் பிறர் கைவைப்பதாக உணர்ந்தால் மனிதர் எதிர்த்திசையில்தான் இழுப்பார். 1966-இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் முன்வைத்த கருத்து இது. உங்களுக்கு எரிச்சல் வருவதும் இதனால்தான், நீங்கள் அறிவுரை சொன்னால் அவருக்கு வருவதும் இதனால்தான்.

படி 6: காதில் வாங்க வேண்டிய பேச்சும் உண்டு

எந்த முயற்சியும் செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 3 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், மருத்துவரைப் பாருங்கள். மற்றவர் பேச்சுக்குப் பயந்து வேளைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, ஒளிந்து சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது இவற்றில் ஏதாவது தொடங்கியிருந்தால் மேலே சொன்ன எந்தப் படியும் போதாது. நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, இந்த வாரமே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள்.