முதுகில் சொடக்கு எடுக்கும் முன் கால்விரலைத் தொட்டுப் பாருங்கள்

சர்க்கரை நோய் இருக்கிறது, பாதம் மதமதவென்று இருக்கிறது, ராத்திரி காந்துகிறது, கைரோபிராக்டிக் போகலாமா? அது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி அசைக்கும் சிகிச்சை. சர்க்கரையால் நரம்பு கெடுவதோ கால் நுனியிலிருந்து. இடுப்பில் சொடக்கு எடுத்து அதைத் திருப்ப முடியாது. முதலில் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கருவி வேண்டாம், உதவிக்கு ஓர் ஆள் போதும்.

1. உதவிக்கு வந்தவர் செய்ய வேண்டியது இது: சர்க்கரை உள்ளவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் 'வலது' அல்லது 'இடது' என்று அவரே சொல்ல வேண்டும்.

2. உங்கள் ஆள்காட்டி விரலால் அவருடைய கால்விரல் நுனியில் மட்டும் தொடுங்கள். வரிசை: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல்.

3. ஒவ்வொன்றும் 1–2 வினாடி, இறகு பட்டது போல. சோதனை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். அழுத்தினாலோ தட்டினாலோ விரல் அசையும். தொட்டது தெரியாதவரும் அசைவை வைத்துச் சொல்லிவிடுவார். "தெரியுதாம்மா?" என்று கேட்டாலும் அதே கதை, 'ஆமா' என்றுதான் பதில் வரும். பதில் வராத விரலை மறுபடி தொடாதீர்கள்.

ஆறில் 2 விரலோ அதற்கு மேலோ தவறினால் டாக்டரிடம் போங்கள். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் (தொடு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை), 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை (அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் கருவி) இரண்டாலும் சோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு, நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 குறையலாம். பி12 சத்து ஊசி போடுவதற்கு முன்பே அதற்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். போட்டபின் பார்த்தால் அளவு கூடித் தெரியும், குறை மறைந்துவிடும்.

ஆறும் தெரிந்தாலும் அறிகுறி நீடித்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். ஒரே காலில், இடுப்பிலிருந்து கீழே வலி இழுத்தால் முதுகில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். கைரோபிராக்டிக் பற்றி யோசிக்க இடமிருப்பது இங்கேதான், அதுவும் டாக்டர் பார்த்தபின். எலும்பு மெலிவு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைச் சிகிச்சை தருபவரிடம் முன்பே கட்டாயம் சொல்லிவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். அரிதாகத்தான் என்றாலும் ரத்தக்குழாய் கிழியலாம்.

சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சில நாளில் காலிலிருந்து மேலேறும் பலவீனம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கோயிலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: சித்திரை வெயிலில் சுடும் கல், மரத்த பாதத்துக்குத் தெரியாது. வெயில் ஏறுமுன் போய்விட்டு வாருங்கள். வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், கொப்புளம் இருந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். செருப்பு என்றால் எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ளது), பின்வார் வைத்தது. விரலிடைப் பட்டை வேண்டவே வேண்டாம்.