எஃப்.டி.பி. சர்வர் வைத்திருக்கிறீர்களா? உங்கள் பாஸ்வேர்டை நீங்களே ஒருமுறை திருடிப் பாருங்கள்

கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் முறையான எஃப்.டி.பி.க்கு முதல் வரைவை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அன்று அது ஓடியது ஆராய்ச்சிக்கூடங்களுக்குள் மட்டும் புழங்கிய வலையமைப்பில். அதே முறையை இன்று அப்படியே இணையத்தில் திறந்துவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நான் சொல்லி நம்புவதைவிட நீங்களே கண்ணால் பார்ப்பது நல்லது.

முதலில் சர்வரில் சோதனைக்கென்று ஒரு கணக்கு தொடங்குங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு கொடுங்கள். அதே கணினியில் வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் போய்வரும் தரவைப் பதிவுசெய்து காட்டும் மென்பொருள்) நிறுவி, நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். ஃபில்டர் பெட்டியில் எஃப்.டி.பி. என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். இப்போது வேறொரு கணினியிலிருந்து லாகின் செய்யுங்கள். பயனர்பெயர் ஒரு வரியிலும் பாஸ்வேர்டு இன்னொரு வரியிலும் பச்சையாகத் தெரியும். வழியில் ஒட்டுக்கேட்பவருக்கும் இதேதான் கிடைக்கும். (உங்கள் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள். பிறருடையதில் செய்தால் குற்றம்.)

அடுத்து, அனானிமஸ் (கணக்கு இல்லாத யாரும் நுழைவதற்கான பொதுப்பெயர்) என்ற பெயரில் நுழைந்து பாருங்கள். உள்ளே விட்டால் அந்த வசதியை உடனே அணைத்துவிடுங்கள். எழுதும் உரிமையும் சேர்ந்திருந்தால் முன்பின் தெரியாதவர்கள் உங்கள் டிஸ்கைக் கிடங்காக்கிவிடுவார்கள். பயனர் எவரும் தன் ஃபோல்டரைத் தாண்டி மேலே போக முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

மென்பொருளை எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதும் முக்கியம். 2011 ஜூலையில் வி.எஸ்.எஃப்.டி.பி.டி. என்ற எஃப்.டி.பி. சர்வர் மென்பொருளின் 2.3.4 பதிப்புக்கு அதிகாரபூர்வத் தளத்திலேயே யாரோ கோப்பை மாற்றி வைத்திருந்தது தெரியவந்தது. பயனர்பெயரில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்த சிரிப்புக்குறி இருந்தால் போதும், 6200-ஆம் போர்ட் (வெளியிலிருந்து இணைவதற்கான வாசல்) திறந்து ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாடு, கிடைத்துவிடும். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தவர்களிடம் அந்தக் கோப்பு பிடிபட்டிருக்கும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளின் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் இந்தச் சரிபார்ப்பு தானாகவே நடக்கும்.

இப்போது எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறுங்கள். இது எஸ்.எஸ்.எச். என்ற குறியாக்கப்பட்ட இணைப்பு வழியாக 22-ஆம் போர்ட்டில் ஓடுவது. பெயர் ஒத்திருந்தாலும் எஃப்.டி.பி.எஸ். (பழைய எஃப்.டி.பி.யிலேயே குறியாக்கம் சேர்த்தது) வேறு. வயர்ஷார்க் சோதனையை மறுபடி செய்யுங்கள்; இம்முறை பாஸ்வேர்டு தெரியாது. ரவுட்டரில் பழைய எஃப்.டி.பி.க்கான 21-ஆம் போர்ட்டை மூடிவிடுங்கள்.

பாஸ்வேர்டு லாகினையும் நிறுத்திச் சாவிக்கோப்பு (பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பு) வழியாக மட்டும் அனுமதியுங்கள். மறுநாள் லாக் கோப்பைத் திறந்தால் ரூட், அட்மின் என்று வரிசையாக முயன்று தோற்ற முகவரிகள் அநேகமாக இருக்கும்.

குறியாக்கம் இருந்தும் 2023-இல் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த எஸ்.க்யூ.எல். (தரவுத்தளக் கட்டளை) ஓட்டை வழியாக ஏராளமான நிறுவனங்களின் கோப்புகள் திருடுபோயின. அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பெற வேண்டியவர் பெற்றுக்கொண்ட கோப்பை அன்றே சர்வரிலிருந்து அழித்துவிடுங்கள்.