விமானத்தில் கட்டுச்சோறு: முதன்முறை பறப்பவர்களுக்கான படிப்படியான விளக்கம்

ரயிலில் கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஜன்னல் திறந்திருக்கும், வாசனை காற்றோடு போய்விடும், பிடிக்காதவர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வார். விமானத்தில் இவற்றில் ஒன்றுக்கும் வழியில்லை. உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு அமர்ந்திருப்பவர், நீங்கள் உண்டு முடிக்கும்வரை உங்கள் உணவையும் சேர்த்தே சுவாசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விமானத்தில் உணவு சார்ந்த நாகரிகத்தின் பெரும்பகுதி, புறப்படுவதற்கு முன்பே வீட்டு அடுப்படியில் முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஓர் இரவு விமானத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அடுப்படியிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: பயணச்சீட்டின் விதிமுறைகளைப் படியுங்கள்

மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள் சில, வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை விமானத்துக்குள் உண்ணக்கூடாது என்று தங்கள் விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. முழுக்கட்டண நிறுவனங்கள் பெரும்பாலும் இதைப் பொருட்படுத்துவதில்லை. சைவ உணவு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஒரே அச்சத்தால் சோறு கட்டுகிறீர்கள் என்றால், சீட்டுப் பதிவு செய்யும்போதே இந்திய சைவ உணவைக் கேட்டுப் பதிந்துவிடலாம். வழக்கமாக இதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சமண முறை உணவுக்கும் தனிப் பதிவு உண்டு. அப்படிப் பதிந்தவர்களுக்கே முதலில் தட்டு வரும் என்பது கூடுதல் வசதி.

படி 2: எதைச் சமைப்பது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஊட்டியில் உட்கார்ந்து உண்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஏறும்போது சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் இங்கும் நடக்கும். காற்றுப் புகாமல் மூடிய தயிர்க் கிண்ணத்தைத் திறந்தவுடன், உள்ளே அடைபட்டிருந்த காற்று பாதித் தயிரையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்; அது போய் விழும் இடம் பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரரின் சட்டையாக இருக்கும்.

அடுத்தது வாசனை. விமானத்தில் காற்று தலைக்கு மேலிருந்து வந்து, அதே வரிசையின் காலடிப் பக்கமாக வெளியேறும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மறுசுழற்சியில் உள்ள நுண்வடிகட்டிகள் தூசியையும் கிருமிகளையும் பிடித்துக்கொள்ளும், வாசனையைப் பிடிப்பதில்லை. ஆகவே உங்கள் உணவின் மணம் விமானம் முழுவதும் பரவாவிட்டாலும், உங்கள் வரிசையையும் முன்பின் வரிசைகளையும் விட்டு எளிதில் போகாது. கருவாடு, அவித்த முட்டை, பூண்டுத் தொக்கு, காலிஃபிளவர் பொரியல், பலாச்சுளை ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெருங்காயத்தை வழக்கத்தில் பாதி அளவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குப் பலாவைப் போலிருக்கும் துரியான் பழத்தை விமானத்தின் உட்பகுதிக்குள் கொண்டுவரவே பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

மூன்றாவது வேர்க்கடலை. நம் ஊரில் இது பெரிய செய்தியாகத் தெரியாது. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய ஒன்று, பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் மருத்துவமனையும் கிடையாது. அத்தகைய பயணி ஒருவர் இருந்தால், வேர்க்கடலை உண்ண வேண்டாம் என்று பணியாளர்களே அறிவிப்பதும் உண்டு. புளியோதரையில் வேர்க்கடலைக்குப் பதிலாகக் கடலைப்பருப்பை மட்டும் சேர்த்தால் சுவை ஒன்றும் குறைந்துவிடாது.

இத்தனையையும் கழித்துப் பார்த்தால் நமக்கு மிஞ்சுபவை நல்லவையே: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, எலுமிச்சைச் சாதம், உலர்ந்த உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய சப்பாத்தி. என் ஓட்டு எப்போதும் பொடி இட்லிக்குத்தான். அது சிந்தாது, உதிராது, கடித்தால் சத்தம் கேட்காது, கரண்டியும் வேண்டாம். முறுக்கும் மிக்சரும் பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றினாலும், நள்ளிரவில் விளக்கணைத்த அமைதியில் முறுக்கு உடையும் ஓசை மூன்று வரிசை தாண்டிக் கேட்கும்.

படி 3: சமைத்துக் கட்டுங்கள்

நான்கு இட்லிக்கு இரண்டு தேக்கரண்டிப் பொடியையும் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயையும் குழைத்து, இட்லி நன்றாக ஆறியபின் இருபுறமும் தடவி, எண்ணெய் முழுவதும் ஊறும்வரை அரை மணி நேரம் வைத்திருங்கள். எண்ணெயைத் தனிச் சம்படத்தில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். விமானத்தின் உட்காற்று மிகவும் வறண்டது. மூக்கும் நாக்கும் உலர்ந்துபோவதால் உப்பும் இனிப்பும் மங்கலாகவே தெரியும். அதனால் பொடியில் காரமும் புளியோதரையில் புளிப்பும் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும்.

சூடாக இருக்கும்போது மூடிவைத்தால் நீராவி உள்ளேயே வியர்த்து உணவு ஊசிப்போகும். சோற்று வகைகளில் இது வெறும் சுவைப் பிரச்சினையன்று. வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும் சோற்றில் வாந்தியை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். இரவு பதினொன்றரை மணி விமானத்துக்கு மாலை ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பும் ஒருவர், மதியம் சமைத்த தேங்காய்ச் சாதத்தை நம்பிப் போகக்கூடாது.

ஆறிய உணவை வாட்டிய வாழையிலையில் சுற்றி, அதன்மேல் காகிதம் சுற்றி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் கட்டுங்கள். இருக்கையின் தட்டுப்பலகை ஒரு பெரிய புத்தகத்தை விரித்த அளவுதான் இருக்கும் என்பதால், நான்கடுக்குத் தூக்குக்கு அங்கே இடமில்லை. எவர்சில்வர் டப்பாதான் வேண்டுமென்றால், தாழ்ப்பாள் போட்ட ஒற்றையடுக்கு டப்பா போதும். நான்கு காகிதக் கைக்குட்டைகளையும் ஒரு காலிப் பிளாஸ்டிக் பையையும் உடன் வையுங்கள். அந்தக் காலிப் பை எதற்கு என்பது கடைசிப் படியில் வரும்.

படி 4: பாதுகாப்புச் சோதனையைக் கடந்து செல்லுங்கள்

2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்று வெளிப்பட்ட பிறகே, பன்னாட்டுப் பயணங்களின் கைச்சாமானில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலத்தில் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு பரவியது. சட்னி, சாம்பார், தயிர், தொக்கு, ஜாம் எல்லாமே சோதனைக்காரரின் கணக்கில் திரவம்தான். பாதியே நிரம்பிய 300 மில்லிலிட்டர் புட்டியும் செல்லாது, ஏனெனில் அவர்கள் அளப்பது கலத்தின் கொள்ளளவை. கைக்குழந்தைக்குப் பயணத்தில் தேவைப்படும் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. என் முதல் பயணத்தில் ஒரு புட்டி மாங்காய்த் தொக்கைப் பறிகொடுத்தேன். தவறு முழுக்க என்னுடையது. ஆனாலும் இரண்டு நாள் கிளறிய தொக்கைக் குப்பைத்தொட்டியில் போடும்போது யாருக்கும் மனம் கனக்கத்தான் செய்யும்.

தேங்காயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், விமானப் போக்குவரத்தில் அது ஆபத்தான பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. முழுத்தேங்காய்க்கும் கைச்சாமானில் பொதுவாக அனுமதியில்லை; சபரிமலை செல்லும் பக்தர்கள் இருமுடியில் தேங்காய் கொண்டுபோவதற்கு 2024 அக்டோபரில் இந்திய அரசு தனியாக ஒரு தற்காலிக விலக்கு அறிவிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இதை விளங்கிக்கொள்ளலாம்.

பொட்டலத்தைப் பையின் மேற்புறத்திலேயே வைத்திருங்கள். திறந்து காட்டச் சொன்னால் தயங்காமல் காட்டுங்கள்.

படி 5: முடிந்தால் காத்திருப்புக் கூடத்திலேயே உண்டுவிடுங்கள்

சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் பயணம். சோதனை முடிந்து வாயிலருகே உட்கார்ந்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சாப்பிட்டு, குழாயடியில் கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு ஏறினால், இந்த விளக்கத்தின் அடுத்த இரண்டு படிகளுக்கு வேலையே இல்லை. லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறப்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் முதல் பொட்டலத்தைக் கூடத்திலும் இரண்டாவதை விமானத்திலும் பிரிக்கலாம்.

படி 6: இருக்கையில் அமர்ந்து உண்ணும் முறை

இருக்கைப் பட்டை விளக்கு அணையும்வரை பொட்டலத்தைத் தொடாதீர்கள். எல்லாருக்கும் உணவு வழங்கும் நேரத்தோடு உங்கள் உணவையும் சேர்த்துக்கொள்வதே சிறந்தது, ஏனெனில் அப்போது விளக்குகள் எரியும், எல்லாருமே உண்பார்கள், உங்கள் வாசனையும் கூட்டத்தோடு கலந்துபோகும். பின்னிருப்பவர் தட்டுப்பலகையை விரித்திருப்பார் என்பதால் உங்கள் சாய்வு இருக்கையை நிமிர்த்தி வையுங்கள். கையால் உண்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விரல் நுனியால் உண்டு, ஈரத்துணித்தாளால் துடைத்துக்கொண்டால் போதும். எழுந்து போகும்போது எச்சில் கை பிறர் இருக்கையின் தலைமாட்டில் படக்கூடாது, அவ்வளவுதான்.

பணியாளர்களிடம் உங்கள் டப்பாவைச் சூடாக்கித் தரச் சொல்லாதீர்கள். வெளியுணவை அடுப்பில் வைப்பதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் சுகாதாரக் காரணத்தால் அனுமதிப்பதில்லை. முடியாது என்று சொல்லும் சங்கடத்தை அவர்களுக்குத் தருவானேன்? வெந்நீர் கேட்கலாம், அதுவும் விமானம் குலுங்காமல் இருக்கும்போது. சொந்த மதுவைத் திறப்பது நாகரிகக் குறைவு என்பதையும் தாண்டிய விதிமீறல்.

படி 7: பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காமல் தின்பது நமக்குத் தொண்டையில் இறங்காது என்பது உண்மைதான். ஒருமுறை கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். நம் வீட்டு உபசாரத்தில் முதல் மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளாத வழக்கம் உண்டு, ஆனால் எழுந்து போக முடியாதவரிடம் மூன்றாம் முறை வற்புறுத்துவது உபசாரமாகாது. கொடுப்பதானால் உறை பிரிக்காத மிட்டாயோ வாழைப்பழமோ கொடுங்கள். குழந்தைகளுக்கு நேரடியாக நீட்டாமல், பெற்றோரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படி 8: இறங்குவதற்கு முன் மிச்சத்தை ஒழியுங்கள்

இலையையும் காகிதத்தையும் அந்தக் காலிப் பையில் போட்டு இறுக முடிந்து, பணியாளர்கள் குப்பை வாங்க வரும்போது கொடுத்துவிடுங்கள். முன்னிருக்கையின் பைக்குள் திணிப்பதும் கழிவறைத் தொட்டியில் கொட்டுவதும் அடுத்து வருபவருக்குச் செய்யும் தீங்கு. மிஞ்சிய உணவோடு இறங்குவதில் வேறு சிக்கலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் எந்த உணவு கையில் இருந்தாலும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை கூடாது. பிரிட்டனுக்குள் இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோக முடியாது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா, சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. எனவே தரையிறங்கும் அறிவிப்பு வந்தவுடன் பையை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பாதி தின்ற வாழைப்பழமோ நாலு கவளம் தயிர்ச்சாதமோ அகப்பட்டால், தின்று தீர்க்கவோ குப்பைப் பையில் சேர்க்கவோ அப்போது இன்னும் இருபது நிமிடம் இருக்கும்.